போதும் என்று யார் சொல்வது?

தமிழில் 'விசேஷம்' என்று ஓர் அப்பாவி வார்த்தை இருக்கிறது. கோயிலில் விசேஷம், வீட்டில் விசேஷம், இன்றைக்கு டிபன் என்ன விசேஷம் என்று எதற்கும் வளைந்து கொடுக்கும். இதையே கல்யாணமாகி ஒரு வருஷமான பெண்ணிடம் போட்டுப் பாருங்கள். 'என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?' அந்த நிமிஷமே அது அவளுடைய கர்ப்பப்பையைப் பற்றிய விசாரணை ஆகிவிடும். மயிலாப்பூர் அறுபத்து மூவர் கூட்டத்தில் கேட்கலாம். ரங்கநாதன் தெருவில் இரண்டு கையிலும் பையோடு நிற்கிறவளைக் கேட்கலாம். 'உங்களுக்கு மலச்சிக்கல் உண்டா?' என்று நடுத்தெருவில் விசாரித்தால் அடிக்க வருவார்கள். இதை விசாரித்தால் மட்டும் அதற்கு அக்கறை என்று பெயர்.

நீங்களும் ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். கேட்காவிட்டாலும், வேறு யாரோ கேட்டபோது பக்கத்தில் நின்று பதிலுக்குக் காத்திருப்பீர்கள்.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கான விடையை அரச மரத்தடியில் தேடினார்கள். ராமேஸ்வரம் போனார்கள், தொட்டில் கட்டினார்கள், திருக்கருகாவூர் நெய்யை வரவழைத்துச் சாப்பிட்டார்கள். 'அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்' என்று கேலிப் பழமொழி வேறு. நெய் இப்போதும் வருகிறது. கூடவே ஒரு மாத்திரை அட்டையும் வருகிறது. மாதவிலக்கு ஆன இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஆரம்பித்து ஐந்து நாள் மாத்திரை. பிறகு ஒன்று விட்டு ஒரு நாள் 'ஃபாலிக்குலர் ஸ்டடி' என்ற ஸ்கேன். முட்டை இருக்கும் நீர்ப்பை 18, 20 மில்லிமீட்டர் வளர்ந்ததும் ஓர் ஊசி. பிறகு இரண்டு வாரக் காத்திருப்பு. கடைசியில் அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்குப் பதிலாக, மருந்துக் கடையில் வாங்கிய பட்டையில் இரண்டாவது கோடு தெரிகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது. வரவில்லை என்றால் அடுத்த மாதம், மறுபடி இரண்டாம் நாள்.

இந்த வாரம் அந்த மாத்திரையைப் பற்றிப் பேசலாம். சாப்பிடலாமா கூடாதா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. எனக்குள்ள கேள்வி வேறு. இதை ஆரம்பிக்க ஊரே யோசனை சொல்கிறது. நிறுத்த வேண்டும் என்றால் யார் சொல்வது?

முதலில் மாத்திரை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருப்பது க்ளோமிஃபீன். 1956ல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைச் சாலையில் உருவானது. வேடிக்கை என்னவென்றால், எலிகளுக்குக் கொடுத்தபோது இது கருத்தரிப்பைத் தடுத்தது. பெண்களுக்குக் கொடுத்தபோது நேரெதிர்! முட்டையே வெளிவராத பெண்களுக்கு முட்டை வெளிவந்ததாக 1961ல் செய்தி வந்தது. 1967ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

இது வேலை செய்யும் விதத்தை நம் ஊர் பஸ்ஸை வைத்துச் சொல்லிவிடலாம். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மூளையில் போய் உட்கார்வதற்கென்று சில சீட்டுகள் இருக்கின்றன. சீட்டுகள் நிரம்பியிருந்தால் மூளை 'சரி, சினைப்பை வேலை செய்கிறது' என்று சும்மா இருந்துவிடும். க்ளோமிஃபீன் என்ன செய்கிறது? முன்கூட்டியே ஏறி சீட்டில் துண்டு போட்டுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் வந்து நின்றுகொண்டே இருக்கிறது. மூளை எட்டிப் பார்த்து, 'அடடா, ஈஸ்ட்ரோஜனே இல்லையே' என்று பதறி, சினைப்பையை விரட்டும் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்புகிறது. முட்டை வளர்கிறது. நல்ல காரியத்துக்காகச் சொல்லப்பட்ட பொய்.

பொய் என்றால் அதற்கு விலை உண்டல்லவா? உடம்பு திடீரென்று கொதிக்கும். எரிச்சல் வரும், காரணமில்லாமல் அழுகை வரும். சிலருக்குக் கண் மங்கும். அப்படியானால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். நூறு கர்ப்பத்தில் ஏழெட்டு இரட்டையாக அமையும். நூறு பெண்களில் எழுபது, எண்பது பேருக்கு முட்டை வெளிவரும் என்றாலும், கருத்தரிப்பவர்கள் ஏறக்குறைய அதில் பாதிதான். மிச்சம் பாதிப் பேர் 'மாத்திரை வேலை செய்தது, ஆனால் குழந்தை வரவில்லை' என்ற விசித்திரமான இடத்தில் நிற்கிறார்கள்.

இரண்டாவது மாத்திரை லெட்ரோஸோல். இதற்கு இரட்டை வாழ்க்கை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரியைப் போன்ற இடங்களில், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்காகக் கொடுக்கப்படுவது இதே மாத்திரைதான். அதே இரண்டரை மில்லிகிராம். அங்கே அறுபது வயது அம்மாள் நோய் திரும்பாமலிருக்க வருஷக்கணக்கில் தினமும் விழுங்குவதை, நாலு தெரு தள்ளி இருபத்தெட்டு வயதுப் பெண் குழந்தைக்காக ஐந்து நாள் விழுங்குகிறாள். மருந்து உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் குறைக்கிறது. ஒருத்திக்கு அது கட்டிக்குத் தீனி போடாமல் இருக்க. இன்னொருத்திக்கு அது மூளையை எழுப்ப.

இந்த மாத்திரையை வைத்து நம் அரசாங்கம் ஒரு தடுமாற்றமும் செய்தது. புற்றுநோய்க்கு மட்டும் அனுமதி பெற்ற மருந்தைக் குழந்தையில்லாத பெண்களுக்கு விற்கிறார்களே என்று பத்திரிகைகளில் சர்ச்சை எழுந்தது. 2011 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் அந்த உபயோகத்துக்குத் தடை போட்டது. 2014ல் அமெரிக்காவில் 750 பெண்களை வைத்து நடத்திய ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 'பிசிஓடி' என்று நாம் சொல்லும் சினைப்பைக் கோளாறு உள்ளவர்கள் அவர்கள். க்ளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்குக் குழந்தை பிறந்தது. லெட்ரோஸோல் சாப்பிட்டவர்களில் 27 பேருக்கு. தடை 2017ல் நீங்கியது. இன்று உலகம் முழுக்க பிசிஓடி உள்ள பெண்களுக்கு முதலில் எழுதப்படுவது லெட்ரோஸோல்தான்.

இதில் யார் சரி, யார் தப்பு என்று பஞ்சாயத்து வைக்க வரவில்லை. முன்னெச்சரிக்கையும் தேவை, ஆதாரம் வந்ததும் மனம் மாறுவதும் தேவை. நான் கவனிப்பது வேறொன்று. தடைக்கு முன்னால், தடைக்குப் பின்னால், தடை நீங்கிய பின்னால் என்று மூன்று காலத்திலும் டாக்டர்கள் பேசினார்கள், கம்பெனிகள் பேசின, அதிகாரிகள் பேசினார்கள். விழுங்கியவர்களின் குரல் எங்கேயாவது கேட்டதா?

மூன்றாவது மெட்ஃபார்மின். சர்க்கரை வியாதி மாத்திரை. பிசிஓடி உள்ள பெண்களுக்கும் எழுதுகிறார்கள். ஆகவே தி.நகரில் ஒரே வீட்டில் மாமனாரும் மருமகளும் ஒரே மாத்திரையை, சாப்பாட்டுக்குப் பின் ஒரே தண்ணீர் செம்பிலிருந்து விழுங்குவது சாதாரணம். மாமனார் ஹாலில் விழுங்குவார், 'சுகர் இருக்கு சார்' என்று வந்தவரிடம் சொல்லிக்கொண்டே. மருமகள் சமையலறையில் விழுங்குவாள். மாத்திரை ஒன்றுதான். ஒளித்து வைக்கும் இடம்தான் வேறு.

மாத்திரை பலிக்காவிட்டால் ஊசி. இந்த ஊசியின் கதையைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரில் முட்டையை வளர்க்கும் ஹார்மோன் ஏராளமாக வெளியேறுகிறது. 1949ல் இத்தாலியில் பியரோ டோனினி என்ற விஞ்ஞானி அதைப் பிரித்தெடுத்தார். மருந்தாக்க வேண்டுமானால் லிட்டர் லிட்டராகச் சிறுநீர் வேண்டும். அதில் கர்ப்பிணி ஒருத்தியின் சிறுநீர்கூடக் கலந்துவிடக் கூடாது. மாதவிலக்கு நின்ற, கர்ப்பத்துக்கு வாய்ப்பே இல்லாத, ஒரே கூரையின் கீழ் வசிக்கும் பெண்கள் எங்கே கிடைப்பார்கள்? கன்னியாஸ்திரீ மடங்களில்! அப்படியே சேகரித்தார்கள். அந்த ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்கு 1962ல் இஸ்ரேலில் குழந்தை பிறந்தது. இப்போது இந்த ஹார்மோனை ஹாம்ஸ்டர் என்ற எலி இனத்தின் செல்களை வளர்த்தும் செய்கிறார்கள்.

அந்த மடத்துக் கன்னியாஸ்திரீகளை நினைத்துப் பாருங்கள். 'எனக்குக் குழந்தை வேண்டாம், என் வாழ்க்கை வேறு' என்று முடிவெடுத்தவர்கள். அவர்கள் உடம்பு கழித்ததிலிருந்து, 'எனக்குக் குழந்தை வேண்டும்' என்று தவித்தவர்களுக்கு மருந்து கிடைத்தது. வேண்டும் என்றவளும் பெண்தான், வேண்டாம் என்றவளும் பெண்தான். இரண்டுமே முழு வாழ்க்கை. மருந்து இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது. நாம் இன்னும் சேர்த்து வைக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்தச் சிகிச்சையைப் பற்றி இரண்டு சுலபமான கருத்துகள் உலவுகின்றன. முதலாவது, 'இயற்கை கொடுக்காததை ஏன் பிடுங்க வேண்டும்? தத்து எடுத்துக்கொள்ளலாமே.' சொல்கிறவர் கண்ணில் பவர் கிளாஸ் இருக்கும். இயற்கை அவருக்கு மங்கலான பார்வையைத்தான் கொடுத்தது. அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. தத்து எடுப்பது உயர்ந்த காரியம், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு குழந்தை பெற்றவர், ஒன்றும் இல்லாதவரைப் பார்த்துச் சொல்லும் உபதேசமாக அது இருக்கக் கூடாது. அவ்வளவு உயர்ந்தது என்றால் நீங்களும் எடுத்திருக்கலாமே?

இரண்டாவது, 'விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது, செலவுக்குப் பணமும் இருக்கிறது, பிறகென்ன?' என்பது. 1990ல் டாக்டர் கமலா செல்வராஜ் மூலம் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இதே சென்னையில் பிறந்தது. அன்றைக்கு அது அதிசயம். இன்றைக்குக் கருத்தரிப்பு மையப் பலகை இல்லாத மெயின் ரோடு குறைவு. ஆனால் ஒன்று முடியும் என்று ஆனவுடனே, அதைச் செய்யாதது குற்றமாகிவிடுகிறது. அரச மரம் மட்டும் இருந்த காலத்தில் 'கடவுள் கொடுக்கவில்லை' என்று ஒரு பெண் நிமிர்ந்து நிற்கவாவது முடிந்தது. இப்போது 'நீ இன்னும் முயற்சி செய்யவில்லை' என்கிறார்கள். வழிகள் பெருகப் பெருக, தப்பிக்கும் வழி குறைகிறது.

சரி, 'அவளுக்கே ஆசை இருந்தால் சாப்பிடட்டும், ஊருக்காகச் சாப்பிட வேண்டாம்' என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் பிரிக்க முடியாது. ஐந்து வயதில் பொம்மையைத் தொட்டிலில் போட்டு ஆட்டியது அவள் ஆசையா, நாம் வாங்கிக் கொடுத்த பொம்மையா? தங்கையின் சீமந்தத்தில் வளையல் அடுக்கியபோது தொண்டை அடைத்ததே, அது அவள் துக்கமா, அன்றைக்கு முன்வரிசையில் உட்கார வைக்காத உறவினர்களின் வேலையா? எந்த ஆசையும் ஒரே ஊற்றிலிருந்து வருவதில்லை. உங்கள் வேலை, உங்கள் வீடு, உங்கள் கார் எல்லாமும் அப்படித்தான். ஆகவே 'இது உன் சொந்த ஆசையா?' என்ற பரீட்சையில் யாரும் பாஸ் ஆக மாட்டார்கள்.

எனக்கு வேறொரு பரீட்சை தோன்றுகிறது. ஆசை யாருடையது என்று கேட்காதீர்கள். 'போதும்' என்ற வார்த்தை யாருடையது என்று கேளுங்கள். நாளைக் காலை அவள், 'இந்த மாதம் மாத்திரை வேண்டாம், எனக்குப் போதும்' என்று சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? 'சரிம்மா' என்று ஒருவராவது சொன்னால், இதுவரை விழுங்கியதெல்லாம் அவள் விருப்பத்தில் விழுங்கியது. மௌனமும் பெருமூச்சும், 'உனக்காகத்தானே இவ்வளவும்' என்ற வசனமும் வந்தால், அது வேறு.

மருந்துக்கே 'போதும்' தெரியும் என்பதுதான் இதில் வேடிக்கை. க்ளோமிஃபீனைப் பொதுவாக ஆறு மாதச் சுழற்சிக்கு மேல் தர வேண்டாம் என்பது மருத்துவ வழக்கம். அதற்குள் பலிக்காவிட்டால் இனி பலிப்பது கஷ்டம், வேறு வழி பார் என்று அர்த்தம். ஊசி மருந்தில் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கினால் அந்த மாதம் அத்தோடு நிறுத்துகிறார்கள். சட்டத்துக்கும் தெரியும். 2021ல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 வயது என்று கோடு போட்டிருக்கிறது. எழுத்தில் சம்மதம் வாங்கச் சொல்கிறது. கரு உள்ளே வைக்கப்படும் வரை தம்பதியில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் சொல்கிறது. ஆனால் ஐந்து நாள் மாத்திரைக்கு அப்படிக் கையெழுத்துத் தாள் எதுவும் கிடையாது. ஒரு செம்புத் தண்ணீரும் ஒரு மௌனமும்தான் சம்மதம். மருந்துக்கு எல்லை உண்டு, சட்டத்துக்கு எல்லை உண்டு. எல்லையில்லாதது உறவினர்களின் நம்பிக்கை ஒன்றுதான்.

'ஏன் சார், குழந்தை இரண்டு பேருக்கும் தானே? கணவனுக்கு உரிமை இல்லையா?' என்று கேட்பீர்கள். உண்டு. ஆரம்பிக்க இரண்டு பேரின் சம்மதமும் வேண்டும். நிறுத்த ஒருவர் போதும். அந்த ஒருவர் உடம்பைக் கொடுப்பவர். இது அநியாயமாகத் தோன்றினால் ரத்த தானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கிக்கொள்பவரின் தேவை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், பாதியில் 'ஊசியை எடுங்கள்' என்று சொல்ல, கை நீட்டியிருப்பவருக்குத்தான் உரிமை.

கணவனுக்கு உரிமையைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. கடமை. புத்திரகாமேஷ்டி யாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாகம் செய்தது தசரதன். பாயசம் குடித்தது கோசலை, கைகேயி, சுமித்திரை. மூன்று ராணிகளுக்கும் பிள்ளை இல்லை என்றால், இன்றைய டாக்டர் முதலில் யாரைப் பரிசோதனைக்கு வரச் சொல்லுவார்? (தசரதனுக்குச் சாந்தை என்று ஒரு மகள் இருந்ததாகச் சில கதைகளில் வருகிறது. வழக்கறிஞர்கள் அதை வைத்து வாதாடலாம்.) அன்றிலிருந்து இன்றுவரை பாயசம் பெண்கள் பக்கமே போகிறது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் காரணமும் தனியாகவோ கூட்டாகவோ இருக்கிறது. ஆணுக்குச் செய்யும் முதல் சோதனை மலிவானது, வலியில்லாதது, அரை நாள் வேலை. பெண்ணுக்கு ரத்தம், ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் வலிக்கிற எக்ஸ்ரே. இருந்தும் எத்தனை வீடுகளில் மனைவி மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு, மாப்பிள்ளை 'லீவு கிடைக்கும்போது' லேபுக்குப் போகிறார்? அவரிடம் குறை இருந்தால், அவள் விழுங்கிய பதினைந்து மாத்திரையும் யாருடைய கௌரவத்துக்காக?

என் வாதத்தில் இருக்கும் ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன். 'போதும்' என்பது இலவசம் இல்லை. முப்பத்தைந்துக்கு மேல் ஒவ்வொரு வருஷமும் வாய்ப்பு குறைகிறது. அந்த வயதுக்குப் பிறகு ஆறு மாதத்திலேயே டாக்டரைப் பார் என்பதும் அதனால்தான். இன்று களைப்பில் 'போதும்' என்றவள் நாற்பதில் வருந்தலாம். ஆனால் வருத்தப்படும் உரிமையும் அவளுடையதுதான். அவள் பிற்பாடு வருந்துவாள் என்று நாம் இப்போதே முடிவுகட்டி மாத்திரையை நீட்டுவது கருணை இல்லை. 'போதும்' என்பது 'என்றைக்கும் வேண்டாம்' என்றும் அர்த்தமில்லை. 'இரண்டு மாதம் நிம்மதியாகக் கல்யாண வீடுகளுக்குப் போகாமல் இருக்கிறேன்' என்பதும் ஒரு போதும்தான். அதே போல, வீடே 'வேண்டாம், விட்டுவிடு' என்று சொல்லும்போது 'இல்லை, இன்னும் ஒரு முறை' என்று அவள் சொன்னால், டாக்டர் சரி என்று சொல்லும் வரை அதையும் கேட்கத்தான் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2023ல் ஒரு கணக்கு சொன்னது. உலகில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தப் பிரச்னையைச் சந்திக்கிறார். 21ஜி பஸ்ஸில் அறுபது பேர் இருந்தால் பத்துப் பேர். அதில் உங்கள் பக்கத்து சீட்டும் இருக்கலாம்.

ஆகவே சில சின்ன வேண்டுகோள்கள். நீங்கள் மாமியாராக இருந்தால், மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்பதற்குப் பதில் சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் கணவனாக இருந்தால், அவள் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன் உங்கள் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். நீங்கள் நாத்தனாராகவோ சிநேகிதியாகவோ இருந்தால், 'எனக்கு இதுதான் பலித்தது' என்று உங்கள் பழைய சீட்டைக் கொடுக்காதீர்கள். ஸ்கேன் இல்லாமல், டாக்டர் இல்லாமல் விழுங்கும் சமாசாரம் இல்லை இது. நீங்களே அந்தப் பெண்ணாக இருந்தால், டாக்டரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: 'எத்தனை மாதம் பார்ப்பீர்கள்? எப்போது நிறுத்துவீர்கள்? அதற்குப் பிறகு என்ன?' நல்ல டாக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால், சென்னையில் வேறு டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை.

இன்று இரவு ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் இப்படி மாத்திரை சாப்பிடும் பெண் யாராவது இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து, டி.வி.யை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'உனக்கு எதுவரைக்கும் சரின்னு படுது?' பதிலுக்கு அவசரப்படாதீர்கள். அவளிடம் இதை யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். யோசிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும்.